புண் கழுவுற ஆபீஸ்

மார்ச் 3, திங்கள்

இன்று ஏழு வீடு. முப்பிடாதியின் புண் மூடிவிட்டது.

இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்துக்கொண்டேன். பதினொரு மாதம் ஆகியிருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது என் மடக்கின கை அதற்குள் போகும். கட்டிட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய், மாதக்கணக்கில் மல்லாந்தே கிடந்த மனுசன். முப்பத்துநாலு வயசு. அவர் சம்சாரம் சண்முகக்கனி அந்த நாற்றத்துக்குள்ளேயே உட்கார்ந்து பீடி சுற்றி, அதற்குள்ளேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாரம் இரண்டு தடவை போனேன். உப்புத் தண்ணீர் காய்ச்சி ஆறவைத்துக் கழுவி, மாத்திரையைப் பொடித்துத் தூவி, பழைய வேட்டித் துணியில் தைத்த பஞ்சை வைத்துக் கட்டி, கனிக்கும் சொல்லிக்கொடுத்து. இன்று பார்த்தால் இளஞ்சிவப்பாக ஒரு ரூபாய் அகலத்துக்குப் புதுத்தோல்.

"என்ன சிஸ்டர், பேச்சையே காணோம்? பெரிசாயிட்டா?" என்றார் கவிழ்ந்து படுத்தபடி.

"மூடிட்டு."

"எது, கடையா?"

கனி சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து இன்றுதான் கேட்கிறேன்.

புதுத்தோல் வெங்காயச் சருகு மாதிரி. உட்கார வைத்தால் இருபது நிமிசத்துக்கு ஒரு தடவை தூக்கிவிட வேண்டும். அவருக்கு வலது தோளும் ஒடிந்து ஒட்டினது, தானாகக் கையூன்றி எழும்ப வராது. புண் வந்தால் வலியும் தெரியாது. இதைக் கனியிடம் மூன்று தடவை சொன்னேன். "தெரியும்க்கா, தெரியும்க்கா" என்றாள்.

ஆபீசுக்கு வந்தால் ரெஜினா அக்கா முகமெல்லாம் பல்லாக இருந்தாள். பதினான்கு வருசத்துக்கு முன்னால் அவள் ஆரம்பித்த அறக்கட்டளை இது. 'அருகிருப்பு' என்று பெயர். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. புண் கழுவுற ஆபீஸ் என்றால் ஆட்டோக்காரன் கரெக்டாகக் கொண்டுவந்து விடுவான். ரெஜினா அக்கா, நான், ஜெயந்தி, மூன்று பேர்தான். நாற்பத்து மூன்று வீடு. யாரிடமும் பத்துப் பைசா வாங்குவதில்லை. பூக்கடைக்காரர்கள் பழைய பருத்திச் சேலை தருவார்கள், மருந்துக்கடை செட்டியார் பஞ்சு தருவார், ஆட்டோக்காரர் பிச்சை வாரத்தில் இரண்டு நாள் எங்களுக்காக ஓட்டுவார். மற்ற நாள் பஸ். பஸ் இல்லாத இடத்துக்குக் கால்.

"உலகு, வேன் வருது" என்றாள் அக்கா. ஒரு கம்பெனி தருகிறதாம். வேன், இருபத்தைந்து வீல்சேர், இருபது காற்று மெத்தை. பதினாறாம் தேதி விழா. மேடையில் இருபத்தைந்து பயனாளிகள் வேண்டுமாம்.

பயனாளி! அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வேன் என்றதும் எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. எழுதிவைக்கிறேன்.

மார்ச் 5, புதன்

கம்பெனியிலிருந்து நிகில் என்று ஒரு ஆள், சென்னையிலிருந்து. இருபத்தேழு இருக்கும். மரியாதையான பையன்தான், எல்லார் வீட்டு வாசலிலும் ஷூவைக் கழற்றினான். அதைச் சொல்லிவிட வேண்டும்.

பேச்சியம்மா வீட்டில் ஆரம்பித்தது. வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக் கிடக்கிறவர். கையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். "மேடம், கொஞ்சம் சேலைய விலக்கினா இடுப்புப் புண்ணு தெரியும்ல? முன்னாடி எப்படி, பின்னாடி எப்படின்னு காட்டுறதுக்கு" என்றான்.

அவன் போனைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"உங்க அம்மாவுக்கு எடுப்பீங்களா தம்பி?"

"சாரி மேடம். எனக்கு மேல இருக்கவங்க கேக்குறாங்க."

அவனுக்கு மேலே இருப்பவர்கள், அவர்களுக்கு மேலே இருப்பவர்கள். எல்லாருக்கும் மேலே யாராவது இருக்கிறார்கள். பேச்சியம்மாவுக்கு மேலே ஒரு ஓட்டைக் கூரை இருக்கிறது.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை. "வேன் வேணுமா வேண்டாமா உலகு?" என்று மட்டும் கேட்டாள். போன மழையில் ஈசுவரத்தாய்க்கு என்ன ஆச்சு என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை. கடைசி பஸ் வராமல் ஆறு நாள் நாங்கள் போகவில்லை. ஏழாம் நாள் போனபோது கட்டுக்குள் புழு.

மார்ச் 7, வெள்ளி

கடைவாய்ப் பல் வலி. நாலு நாளைக்கு அப்புறம் குழாயில் தண்ணீர். என் வீட்டுக்காரர் லாரியோடு நாக்பூரில் இருக்கிறார், போனில் சார்ஜ் இல்லை.

மார்ச் 8, சனி

பட்டியலில் முதல் பெயர் முப்பிடாதி. பதினொரு மாதத்தில் ஆறின புண், அதனால். நிகில் 'வெற்றிக் கதை' என்று எழுதி வைத்திருக்கிறான்.

அவரிடம் சொன்னேன். "நான் வரல சிஸ்டர்" என்றார்.

"ஏன்?"

"சாரத்துல இருந்து விழுந்தப்ப ஊரே கூடி நின்னு பாத்துச்சு. கைலி எங்க போச்சுன்னு தெரியாம கெடந்தேன். ஒரு தடவ பாத்தது போதும்லா? மறுபடி என்னய மேடை போட்டு வேற காட்டணுமா?"

கனி இலையை வெட்டிக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை.

அவர் விருப்பம். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 10, திங்கள்

இருபத்தைந்து பேர் இல்லாவிட்டால் வேன் அடுத்த வருசப் பட்ஜெட்டுக்குப் போய்விடுமாம். அதுவும் வெற்றிக் கதை கட்டாயம் வேண்டுமாம். அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நீ சொன்னா கேப்பாரு, உலகு. உன் மேலதான் அவருக்கு நம்பிக்கை."

எல்லாவற்றுக்கும் நான்தான் கிடைத்தேனா? புண்ணும் நான் கழுவ வேண்டும், ஆளும் நான் பிடிக்க வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

ஐந்து வீடு. பல்லுக்குக் கிராம்பு வைத்தேன். சாயங்காலம் முப்பிடாதி வீட்டுக்குப் போனேன். கட்டுப் போடும் நாள் இல்லை. கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கனி டீ போட்டாள். சீனி அதிகம்.

மார்ச் 12, புதன்

முப்பிடாதி வருகிறார். கனி போன் பண்ணிச் சொன்னாள். எப்படிச் சம்மதித்தார் என்று அக்கா கேட்டாள். நல்ல மனுசன் என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்கு எல்லாரும் வந்துவிட வேண்டும் என்றார்கள். வந்தார்கள். ஆட்டோவில், வாடகை வேனில், ஒருவர் மீன் வண்டியில். கல்யாண மண்டபம் கிடைக்கவில்லை என்று திடலில் தகரப் பந்தல். பங்குனி வெயில். பத்தரைக்கே தகரம் படபடவென்று வெடிக்கிற சத்தம் கேட்டது.

இருபத்தைந்து புது வீல்சேர் வரிசையாக. சீட்டில் ஒட்டின பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. நான் பிரிக்கப் போனேன். நிகில் ஓடி வந்தான். "மேடம், ப்ளீஸ், புதுசுன்னு தெரியணும்." மெத்தை எங்கே என்று கேட்டேன். அது தனிப் பார்சலாம், பிறகு வருமாம். வெறும் ரெக்சின். அதற்கு மேல் பிளாஸ்டிக். அதற்கு மேல் பதினொரு மாதம் நான் கழுவின உடம்பு.

முதல் வரிசை நடுவில் முப்பிடாதி. சட்டைக்கு மேல் கம்பெனி பெயர் போட்ட டீ-சர்ட். வீட்டுக்காரர்களை எல்லாம் கயிறு கட்டி அந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள், போட்டோவில் கூட்டம் தெரியக்கூடாதாம். கனி கயிற்றுக்கு அந்தப் பக்கம்.

நான் எங்கே? எனக்கும் ஜெயந்திக்கும் ஒரே மாதிரி பட்டுச்சேலை கொடுத்து, ஆரத்தித் தட்டைக் கையில் கொடுத்து, வாசலில் நிறுத்தினார்கள். சிறப்பு விருந்தினர் வந்ததும் பொட்டு வைக்க.

அவர் பத்து மணிக்கு வர வேண்டியவர். பதினொன்று ஆச்சு. பன்னிரண்டு ஆச்சு. இரண்டு தடவை தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் முப்பிடாதியைத் தூக்கிவிட்டேன். இரண்டாம் தடவை அவர், "விடுங்க சிஸ்டர், எல்லாரும் பாக்குதாங்க" என்றார். மூன்றாம் தடவை போகும்போது, "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். வரவில்லை. வந்தது ஒன்று இருபதுக்கு.

அப்புறம் பேச்சு. தொண்டு, கருணை, மனிதநேயம். பிறகு ஆளுயர அட்டையில் செய்த வேன் சாவி. ரெஜினா அக்கா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேன் எங்கே என்று யாரோ கேட்டார்கள். பதிவு ஆகிக்கொண்டிருக்கிறதாம்.

முப்பிடாதி கீழே இறங்கும்போது மணி இரண்டே கால். ஐந்து மணி நேரத்துக்கு மேல். பிளாஸ்டிக்கில் வேர்வை குளமாக நின்றது. அதில் கொஞ்சம் சிவப்பு கலந்திருந்ததை நானும் பார்த்தேன், கனியும் பார்த்தாள்.

அவர் பார்க்கவில்லை. "சிஸ்டர், பிரியாணின்னு சொன்னாங்களே?" என்று கேட்டார்.

மார்ச் 17, திங்கள்

போனேன். தோல் போய்விட்டது. வலது பக்கம் உள்ளங்கை அகலம், இடது பக்கம் இன்னொன்று. பழைய இடம் வாய் பிளந்திருக்கிறது.

செய்தித்தாளில் போட்டோ வந்திருக்கிறது. ஜெயந்தி ஆபீஸ் சுவரில் ஒட்டினாள். நான் கிழித்தேன். அவள் அழுதாள். அவள் என்ன செய்தாள், பாவம். யார்மீதாவது எரிந்து விழ வேண்டியிருந்தது.

மார்ச் 19, புதன்

நாற்றம் வந்துவிட்டது. காய்ச்சல் நூற்றிரண்டு.

மார்ச் 21, வெள்ளி

திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. பிச்சை ஆட்டோவில் பின் சீட்டில் குறுக்கே படுக்க வைத்து, கால்களை நான் மடியில் வைத்துக்கொண்டு. அறுபது கிலோமீட்டர். ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார் டாக்டர். "இவ்வளவு நல்லா ஆறிட்டு வந்த புண்ணு, எப்படிம்மா?" என்று கேட்டார். கனி என்னைப் பார்த்தாள். நான் கேஸ் சீட்டைப் பார்த்தேன்.

மார்ச் 22, சனி

அக்காவோடு சண்டை. நான் இங்கே சேர்ந்த பதினோரு வருசத்தில் இப்படிப் போட்டதில்லை.

"ஒரு வேனுக்காக ஒரு ஆளக் கொல்லுதோம்க்கா" என்றேன்.

"வேன் இல்லாம ஈசுவரத்தாய் செத்தா. அப்ப நீ எங்கிட்ட வந்து அழுதே. நான் யாருகிட்டப் போய் அழ?" என்றாள். "பதினாலு வருசமா கை நீட்டிக்கிட்டு நிக்கேன் உலகு. குடுக்கறவன் சிரின்னா சிரிக்கணும், சாவியப் பிடின்னா பிடிக்கணும். அட்டைச் சாவியப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போது எனக்கு எப்படி இருந்துச்சுன்னு நீ கேட்டியா?"

"நீங்க மேடையில நின்னீங்க. அவரு புண்ணுல உக்காந்திருந்தாரு."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நான்தான் உன்ன அனுப்பினேன். நீ என்ன சொல்லி அவரக் கூட்டிட்டு வந்தேன்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும்."

கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். எதைக் கேட்டிருக்க வேண்டுமாம்? அவள் பழியை என் தலையில் கட்டப் பார்க்கிறாள்.

மார்ச் 24, திங்கள்

ஒன்பது வீடு. நிகில் மூன்று தடவை போன் பண்ணினான். எடுக்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

பல்லைப் பிடுங்கியாச்சு.

மார்ச் 27, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சோறும் ரசமும் கொண்டுபோனேன். இரண்டு தடவை செத்த சதையை வெட்டி எடுத்திருக்கிறார்கள். முப்பிடாதி தூங்கிக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டிவிட்டது.

வராண்டாவில் கனியோடு உட்கார்ந்தேன். அந்தக் கம்பெனிக்காரனை, விருந்தினரை, தகரப் பந்தல் போட்டவனை, எல்லாரையும் வைதேன். கேஸ் போட வேண்டும் என்றேன். நாசமாய்ப் போவான்கள் என்றேன். கனி கேட்டுக்கொண்டே இருந்தாள். சோற்றுக் கிண்ணத்தைத் திறக்கவில்லை.

பிறகு, "அவங்க எல்லாம் யாருன்னே எங்களுக்குத் தெரியாதுக்கா" என்றாள். "அவரு அவங்களுக்காகவா வந்தாரு? நீங்க சொன்னதுக்குல்லா வந்தாரு."

சோற்றுக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நீங்க போன பொறவு ராத்திரி பூரா அவரு தூங்கல. 'வரலன்னா இனிமே அவங்க வர மாட்டாங்கடி, பொறவு நீ ஒத்தையில என்ன செய்வ'ன்னாரு. எனக்காகத்தான் சரின்னாரு."

"நான் வர மாட்டேன்னு சொல்லலையே கனி."

"சொன்னீங்கக்கா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. டீயில் சீனி போட்டிருக்கிறேன் என்பதுபோல் சொன்னாள்.

மார்ச் 28, வெள்ளி

பதினோராம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். "கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம்" என்று இருக்கிறது. என் கையெழுத்துதான்.

பேசினது இது. முதலில் வேனைப் பற்றிச் சொன்னேன். அவர் முடியாது என்றார். மற்ற வீடுகளைப் பற்றிச் சொன்னேன். "பாவம்தான், ஆனா நான் வரல சிஸ்டர்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அது உண்மை. பதினொரு மாதம் உன் மலத்தையும் சீழையும் அள்ளினேனே, ஒரு நாள் வந்து உட்கார மாட்டாயா என்று உள்ளே கொதித்தது. அப்போது சொன்னேன்: "உங்க வீடு ஒதுக்குப்புறம். பஸ் கிடையாது. வேன் வரலன்னா முதல்ல நிறுத்த வேண்டியது உங்க வீடுதான். புண்ணுதான் மூடிட்டே, இனிமே நாங்க எதுக்குன்னு ஆபீசுல கேக்குதாங்க."

ஆபீசில் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கனி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். நான் குடித்தேன். முழுவதும் குடித்தேன்.

பேச்சியம்மாவின் சேலையை விலக்கச் சொன்னவனின் கையை நான் பிடித்தேன். என் கையை யாரும் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டுவாள் என்று போனேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 9, புதன்

திங்கட்கிழமை வேன் வந்துவிட்டது. நிஜ வேன்.

இரண்டு பக்கமும் கதவளவுக்கு முப்பிடாதியின் முகம். கையில் பூங்கொத்து, வாயெல்லாம் சிரிப்பு. கீழே: "எங்களால் இவர் சிரிக்கிறார்." பிறகு கம்பெனி பெயர்.

அக்கா வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். ஒப்பந்தத்தில் இருக்கிறதாம்: மூன்று வருசத்துக்கு ஸ்டிக்கரைத் தொடக்கூடாது. தொட்டால் வண்டி திரும்பப் போய்விடும்.

இரண்டு நாளில் பதினாறு வீடு போக முடிந்தது. வண்டிக்குள் படுக்கை இருக்கிறது, ஃபேன் இருக்கிறது. ஜெயந்தி குழந்தை மாதிரி ஜன்னலைத் திறந்து திறந்து மூடுகிறாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

முப்பிடாதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்காவும் நானும் வேனோடு போனோம். வேறு வண்டி எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால், வேறு வண்டி தேடவும் இல்லை. அவர் கண்ணில் படாமல் பின்கதவு வழியாக ஏற்றிவிடலாம் என்று நானும் அக்காவும் வாய்விட்டுப் பேசாமலே முடிவு பண்ணியிருந்தோம்.

ஸ்ட்ரெச்சர் தள்ளின அண்ணாச்சிக்கு அது தெரியுமா? நேராக வண்டியின் பக்கவாட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்.

முப்பிடாதி பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அன்னைக்கு நான் சிரிக்கவே இல்லையே" என்றார்.

"வெயிலு" என்றாள் கனி. "கண்ணுல வெயிலு அடிச்சிது. அதுக்குப் பல்லக் கடிச்சீங்க. நான் கயித்துக்கிட்ட நின்னு பாத்துக்கிட்டுதான இருந்தேன்."

"நான் இதுல ஏற மாட்டேன். என்னய இங்கனயே போட்டுட்டுப் போங்க."

அக்கா குனிந்து அவரிடம், "வீட்டுக்குப் போயிருவோம் முப்பிடாதி, பொறவு பேசுவோம்" என்றாள். அவர் அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். இனிமேல் என்ன சொல்லி மிரட்டப் போகிறாய் என்று கேட்கிற மாதிரி.

பையைத் திறந்தேன். கட்டு வெட்டுகிற பிளேடை எடுத்தேன். வண்டியில் இருந்த முகத்தின் காது ஓரத்தில் கீறி இழுத்தேன். வெயிலில் ஸ்டிக்கர் இளகியிருந்தது, ஒரு முழத்துக்கு நாடாவாக உரிந்து வந்தது.

"உலகு, நிறுத்து" என்றாள் அக்கா. "நாப்பத்து மூணு வீடு."

"தெரியும்க்கா."

"ஈசுவரத்தாய நெனச்சுக்கோ."

"அவளத்தான் நெனைக்கேன். அவ முகத்தையும் இப்படி ஒட்டியிருப்பாங்கல்லா?"

டிரைவர் போனில் யாரையோ கூப்பிட ஓடினான். கனி மடியிலிருந்து பீடி இலை வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் சுரண்டினோம். விரல் நகம் பெயர்ந்தது. கூட்டம் கூடிவிட்டது. ஒரு போலீஸ்காரர் வந்து என்னம்மா என்று கேட்டார். "அது எம் மூஞ்சி சார்" என்றார் முப்பிடாதி படுத்தபடியே. போலீஸ்காரர் போட்டோவையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு பக்கம் முடிகிற நேரத்தில் வண்டியின் அந்தப் பக்கத்தில் பரட் பரட் என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ரெஜினா அக்கா. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டிச் சாவியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கண்ணீர் மூக்கில் வழிந்துகொண்டிருந்தது. வாய் மட்டும் நிற்காமல் வைதுகொண்டிருந்தது. கம்பெனியையா, என்னையா, கடவுளையா, தெரியவில்லை.

முக்கால் மணி நேரம். அவரை ஏற்றினோம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நிகில் போன். "மேடம், தனிப்பட்ட முறையில எனக்கு உங்க கோபம் புரியுது" என்றான். தனிப்பட்ட முறையில் புரிந்து என்ன செய்ய?

ஏப்ரல் 22, செவ்வாய்

வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீல்சேர்களை விட்டுவிட்டார்கள், புகைப்படம் எடுத்தாயிற்றே. மெத்தைப் பார்சல் கடைசிவரை வரவில்லை.

ஜெயந்தி என்னோடு பேசவில்லை. அவளுக்கு இன்று ஆறு கிலோமீட்டர் நடை. அவள் கோபம் நியாயம். என் கோபமும் நியாயம். இரண்டு நியாயத்தையும் வைத்துக்கொண்டு ஒரு ஆளைக்கூடத் தூக்க முடியாது.

பிச்சை மூன்றாவது நாளும் ஓட்டுகிறேன் என்றிருக்கிறார். பால் சொசைட்டிக்காரர்கள் காலையில் போகிற வண்டியில் மேற்கு ஊர்களுக்கு ஒரு ஆளை ஏற்றிக்கொள்வார்களாம். ஐந்து மணிக்கு நிற்க வேண்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

முப்பிடாதி வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். நின்றுகொண்டே கேட்டேன், உட்கார மனசு வரவில்லை. பொய் சொன்னேன், ஆபீசில் யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னது என்றேன்.

அவர் மோட்டுவளையைப் பார்த்தபடியே பேசினார்.

"கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன் சிஸ்டர். ஆனா நீங்க வந்து நின்னாலே எனக்குப் பயமா இருக்கு. இன்னைக்கு என்ன கேப்பாங்களோன்னு. அந்தச் சின்னப் பிள்ள வரட்டும். ஜெயந்தி."

"சரி" என்றேன்.

கனி வாசல்வரை வந்தாள். மெயின்ரோடுவரை நடந்தேன். ஒரு பனைமரத்தைக் காலால் உதைத்தேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது.

ஏப்ரல் 26, சனி

ஜெயந்தி போய்விட்டு வந்தாள். புண் சுத்தமாக இருக்கிறதாம், ஓரத்தில் சிவப்பாகச் சதை வளர்கிறதாம். மூன்று விரல் அகலம் என்று கையை விரித்துக் காட்டினாள். என்னோடு பேசிவிட்டாள்.

ஏப்ரல் 28, திங்கள்

சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். அக்கா சொன்னாள்: ஒவ்வொரு வீட்டிலும் போய்ச் சொல்ல வேண்டும். நீங்கள் எதை வேண்டாம் என்று சொன்னாலும் நாங்கள் வருவோம் என்று. போட்டோ வேண்டாம், விழா வேண்டாம், எங்கள் மூஞ்சியே வேண்டாம் என்றாலும் யாராவது ஒருத்தர் வருவோம் என்று. சொல்ல என்ன இருக்கிறது, அவர்களுக்குத் தெரியாதா என்று நினைத்தேன்.

இன்று ஆறு வீட்டில் சொன்னேன்.

பேச்சியம்மா வாய் கோணிக்கொண்டே கேட்டார். இரண்டு தடவை சொல்ல வைத்தார். பிறகு, "அப்பம் என்னயப் பாட்டின்னு கூப்பிடாத. எனக்குப் பேரு இருக்கு" என்றார். பதினோரு வருசமாகப் பாட்டி என்று கூப்பிடுகிறேன்.

கண்டக்டராக இருந்தவர், இரண்டு காலும் எடுத்தவர், "மாசாமாசம் காலேஜ் பிள்ளைகளக் கூட்டிட்டு வந்து பாட்டுப் படிக்கியளே, அது வேண்டாம்மா. அவங்க போற வரைக்கும் கை தட்டிக்கிட்டே இருக்கணும், கை வலிக்கி" என்றார்.

ஒரு அம்மா, அடுத்தவர் உடுத்தின சேலை வேண்டாம் என்றாள். ஒரு வீட்டில் பிரட் வேண்டாம், மூன்று வருசமாக அதைக் கோழிக்குப் போடுகிறோம் என்றார்கள். ஒரு தாத்தா ஒன்றும் சொல்லாமல் அழுதார்.

வீட்டுக்கு வீடு எனக்குக் கோபம் ஏறியது. அவர்கள்மீது இல்லை. பதினோரு வருசமாக இந்த வீடுகளில் ஒருத்தர்கூட என்னிடம் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அதை நான் பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் பெருமையாக வேறு நினைத்துக்கொள்வேன்.

கடைசி வீடு தங்கப்பழம். மார்பில் கட்டி வெடித்துப் புண். என்னைவிட மூன்று வயசு சின்னவள். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்து, ஒட்டியிருந்த பழைய கட்டை நனைத்துக்கொண்டிருந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒண்ணு சொல்லவா அக்கா? கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"கட்டப் பிரிக்கும்போதெல்லாம் வலிக்காது, வலிக்காதுன்னு சொல்லுதீய. அப்படிச் சொல்லாதீங்க. வலிக்கி."

"சரி" என்றேன்.

அவள் கையை எடுத்தாள். நான் கட்டின் ஓரத்தைப் பிடித்தேன்.

"வலிக்கும் தங்கம்" என்று சொல்லிவிட்டுப் பிரித்தேன். அவள் கத்தினாள். கத்தட்டும் என்று நிதானமாகப் பிரித்தேன்.